கறுப்புக் களமும் என் இடது காலும்

குரங்கணிக்கு மேலே, யானைகூட யோசித்துக் கால் வைக்கும் சரிவில், நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் அடைக்க ஒரு கிட்டங்கி. பாறையைக் குடைந்து ஒரு தண்ணீர்த் தொட்டி. கோவேறு கழுதைகள் சறுக்காமல் இறங்க ஒரு படிப்பாதை. மழைக்கு ஒதுங்க ஒரு சத்திரம். அதன் கூரையைக் காற்று இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போயிற்று, மூன்றாம் தடவை காற்றே சலித்துப்போய் விட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, காய் உலர்த்த ஒரு கறுப்புக் களம்.

பணக்காரர்கள் சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். நான் கட்டினேன்.

இத்தனைக்கும் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். வாத்தியார் என்னை விட்டாரா, நான் வாத்தியாரை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. என் எழுத்துப் பிழைகளை இந்தப் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்கிறார்கள். திருத்தட்டும். சாதனைகளில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் நான் சிறுத்தையை விரட்டியதைப் படித்துவிட்டு, போடி சந்தையில் ஒருவர் "அது காட்டுப் பூனை அண்ணே" என்றார். அவர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. போகட்டும். அவரே இன்னொன்றும் கேட்டார்: "களம்னா சாணி மெழுகி வெளுப்பா இருக்கும். நீங்க ஏன் கரியப் பூசி வச்சீங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் போடியில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நெருப்பு கக்கும் மலை நடுவே நிற்கும் ஒரு தீவில், ஒரு கடற்கரையில் இருக்கிறது. அங்கே பட்டப்பகலில் நான் இடது காலைக் கையில் பிடித்துக்கொண்டு வலது காலால் குதித்துக்கொண்டிருக்கிறேன். என் மச்சான் கருத்தபாண்டி என்னைப் பார்த்து, "என்ன மாப்ளே, சாமி வந்துருச்சா?" என்று கேட்கிறான்.

சாமி இல்லை. வந்தது கல்யாணம். எப்படி என்று சொல்கிறேன்.

கடலுக்கு மறுகால் எந்தப் பக்கம்?

என் தாய்மாமன் போடியில் ஏலக்காய் வியாபாரி. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கருத்தபாண்டி, என் வயதுக்காரன். இளையவள் பேச்சியம்மா. எனக்கு முறைப்பெண். எனக்கென்று அப்போது இருந்த சொத்து இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, மலையில் இருபது ஆட்களை ஏவுகிற தொண்டை.

ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டார் பேச்சியம்மாவைக் கேட்டு ஆள் விட்டிருந்தார்கள். வற்றாத கிணறும் கொம்பு சீவிய காளைகளும் இருக்கிற குடும்பம். மாமன் தடுமாறிக்கொண்டிருந்தார். அத்தை தடுமாறவே இல்லை. ராசிங்காபுரத்துக் காளைகளுக்கு மனத்துக்குள் தவிடு வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் முதலில் சொன்ன அந்தத் தீவிலிருந்து, பூர்போனிலிருந்து, ஒருவர் வந்தார். பெயர் நடேசன். அவருடைய தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய குடும்பம். இப்போது அங்கே பெரிய கடை வைத்திருக்கிறார்கள். பழனிக்கு வந்தவர், பூர்வீகம் பார்க்கப் போடிக்கும் வந்தார். மாமனுடைய கிட்டங்கியில் நுழைந்ததும் மூக்கை உயர்த்தி, கண்ணை மூடி அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கள் கோயில் கொடியேற்றத்துக்கு இந்தக் காய் வர வேண்டும்," என்றார். அவர் தமிழ் பழைய நாடகத்தில் ராஜா பேசுகிற தமிழாக இருக்கும். "காதருகில் வைத்துக் குலுக்கினால் விதை பேச வேண்டும். பேசாத காயை நான் தொட மாட்டேன். பேசினால், வருஷா வருஷம் உங்களிடம்தான்."

யார் கொண்டுபோவது? போடியில் கடலைக் கண்டவர்களே குறைவு. மாமன் என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பு, போறியா?"

"போறேன் மாமா."

"காயி நல்லபடியா கைமாறுச்சுன்னா தையில ஒனக்கும் பேச்சிக்கும் பரிசம். ஊசிப்போன காயோட திரும்பி வந்தியின்னா, ராசிங்காபுரத்துக்காரன் பந்தியில நீ எலை எடுக்கணும். சம்மதமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. அது சம்மதம் சொல்லு என்கிற சத்தமா, வேண்டாம் என்கிற சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

துணைக்குக் கருத்தபாண்டி. ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம். போடிக்கு ரயில் கிடையாது. மாட்டு வண்டியில் போய் ரயிலைப் பிடித்து, தூத்துக்குடியில் இறங்கினோம். அங்கேதான் முதல்முதலாகக் கடலைப் பார்த்தோம். மச்சான் நெடுநேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். பிறகு ஒரு துறைமுகத்துக்காரரிடம் கேட்டான்:

"ஏண்ணே, இதுக்கு மறுகால் எந்தப் பக்கம்?"

கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்துபோக மறுகால் இருக்கும் அல்லவா, அதைக் கேட்கிறான். அந்தத் துறைமுகத்துக்காரர் இன்றைக்கும் எங்காவது உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

சரக்கும் சேர்ந்து ஊர் பார்த்தது

கொழும்பில் பெரிய கப்பல் மாறினோம். கப்பலில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் இந்த வாரம் அதிலேயே முடிந்துபோகும். குடலில் இருந்த போடிச் சோறு முழுவதையும் இந்துமகா சமுத்திரத்துக்குக் கொடுத்தேன் என்பதோடு விடுகிறேன்.

ஒரு காலையில் மச்சான் உலுக்கி எழுப்பினான். "மாப்ளே, நம்ம மலை வந்துருச்சு!"

எழுந்து பார்த்தால், நிஜமாகவே மலை. கடலுக்கு நடுவில் அகமலையும் போடிமெட்டும் ஒன்றாக முளைத்து நிற்கிற மாதிரி, பச்சைப் பசேலென்று, உச்சியில் மேகம் சுற்றிக்கொண்டு. நான் அழுதுவிட்டேன். கடல் உப்பு கண்ணில் பட்டது என்று மச்சானிடம் சொன்னேன்.

இறங்கியதும் முதல் வேலையாக ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. ஏலக்காய்க்காரனுக்கு அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. கப்பலின் அடித்தட்டில் ஈரம் ஏறி, காய் வியர்த்துக்கொண்டிருந்தது. ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கினேன். ஊமை. ஆறு மூட்டையும் ஊமை. இப்படியே விட்டால் கொடியேற்றத்துக்குள் பூசணம் பூத்துவிடும்.

நடேசன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஊரார் அவரை முசே என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே ஐயா என்பதற்கு அதுதான் சொல்.

"சரக்கைக் கொடியேற்றத்தன்று பிரித்துப் பார்க்கிறேன். அதுவரை நீங்கள் என் விருந்தாளிகள். தீவைச் சுற்றிப் பார்க்க வேண்டும்! வெள்ளைக் கடற்கரை, நெருப்பு மலை, எல்லாம். வண்டி தயாராக இருக்கிறது. மூட்டைகள் என் வீட்டில் இருக்கட்டும்."

அவர் வீட்டில் இருந்தால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடுமே! என் வாயிலிருந்து மலையின் வழக்கம் ஒன்று தானாக வந்தது. அது பொய்யும் இல்லை. காட்டிலிருந்து சுமை இறக்குகிறவன், கைமாறும்வரை சரக்கை விட்டு நகர மாட்டான். தூங்கினாலும் தலைக்கு மூட்டையைத்தான் வைப்பான்.

"எங்க மலையில கைமாறுற மட்டும் சரக்கு கண்ணுல இருக்கணும் முசே. நாங்க எங்க போறமோ அதுவும் அங்க வரும்."

நடேசன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுவல்லவோ வியாபாரி!" என்றார். என் காதில் மட்டும் ராசிங்காபுரத்துக் காளைகளின் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படித்தான் உலகத்தில் முதல்முறையாக ஆறு மூட்டை ஏலக்காய் உல்லாசப் பயணம் போயிற்று. கழுதை பூட்டிய வண்டியில் முன்னால் மூட்டைகள், பின்னால் நாங்கள். ஓட்டியவர் பெயர் லூயி ஆறுமுகம். நெற்றியில் திருநீறு, தலையில் தொப்பி. அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், வராத இடத்தில் கையை ஆட்டுவார்.

முழங்கை தண்டி அட்டை

வெள்ளைக் கடற்கரைக்கு முதலில் போனோம். மணல் அரிசி மாவு மாதிரி. தண்ணீர் மயில் கழுத்து நிறம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பவளப் பாறை வரப்பு கட்டியதுபோல் நிற்க, அலை அங்கேயே உடைந்து, உள்ளே தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது. அவ்வளவு அழகைக் கண்டால் மனிதன் பாட வேண்டும். நான் சாக்கை விரித்துக் காயைக் கொட்டினேன்.

காயவில்லை. வெயில் மேகத்துக்குள் போய்ப்போய் வந்தது. அந்த வெள்ளை மணலோ, சூட்டை வாங்காமல் வானத்துக்கே திருப்பிக் கொடுத்தது. கையை வைத்துப் பார்த்தால் ஆறிய இட்லித் தட்டு மாதிரி இருந்தது.

மச்சான் குளிக்கப் போனான். போகும்முன் புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்து முழங்கால்வரை பூசிக்கொண்டான். மலையில் அட்டைக்கு அதுதான் மருந்து.

"டேய் மச்சான், கடல்ல அட்டை இருக்குமாடா?"

"இருக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? தண்ணி இருக்குற எடத்துல அட்டை இருக்கும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். அடுத்த நிமிஷம் "யாத்தே!" என்று ஓர் அலறல். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வருகிறான்.

"மாப்ளே! முழங்கை தண்டி அட்டை! கறுகறுன்னு! ஒண்ணு ரெண்டு இல்ல, படுகையே அதுதான்!"

நான் நம்பாமல் போய்ப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கறுப்பாக, தடித்து, வழுவழுவென்று, முழங்கை நீளத்துக்கு அட்டைகள், அசையாமல் மணலில் படுத்திருந்தன. நான் எவ்வளவு வேகமாகக் கரைக்கு வந்தேன் என்பதை மச்சான் வேறு மாதிரிச் சொல்வான். அவன் பேச்சை நம்ப வேண்டாம்.

லூயி ஆறுமுகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடிக்காது முசே! பாவம், மண் தின்னும்!" என்று ஒன்றைக் கையில் எடுத்தே காட்டினார். அதன்பின் மச்சான் அந்தத் தீவில் காலைக்கூடக் கடலில் நனைக்கவில்லை. ஊர் திரும்பி, "கடலட்டை என் ரத்தத்தைக் குடித்தது" என்று கால் மச்சத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தான். போடியில் பாதிப் பேர் நம்பினார்கள்.

மாலையில் காயை அள்ளினோம். குலுக்கினேன். ஊமை.

மலையில் எவனோ காய் வெளுக்கிறான்

அடுத்து நெருப்பு மலை. வழியெல்லாம் மழை. வண்டிக்குத் தார் பூசிய படுதாவை இறக்கிவிட்டு, இருட்டில் காய் மூட்டைகளோடு குறுகிக்கிடந்தோம். வெளியே என்ன அதிசயம் போயிற்றோ, நாங்கள் பார்த்தது ஒருவர் முகத்தை ஒருவர்தான்.

மழை விட்டதும் படுதாவைத் தூக்கினால், உலகமே கரிந்து கிடந்தது. மேலே மலை மேகத்துக்குள் இருந்தது. அங்கிருந்து கடல்வரை கல் குழம்பாக ஓடி வந்து, உறைந்து, கறுப்பாக மடிப்பு மடிப்பாய்க் கிடந்தது. சில இடத்தில் களி கிண்டிக் கவிழ்த்தது போல, சில இடத்தில் வடக்கயிறு சுருட்டி வைத்தது போல. விரிசல்களிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அந்த நிலத்தைப் பார்க்கச் சீமையிலிருந்தெல்லாம் துரைமார்கள் வருவார்களாம்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மூக்கில் ஒன்று பட்டது. கந்தகம்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் போடியில் காய் வெளுப்பாக இருந்தால்தான் மதிப்பு. அதற்கு, காயைத் தட்டுகளில் பரப்பி, அறையை அடைத்து, மண்சட்டியில் கந்தகம் போட்டுப் புகை மூட்டுவோம். தும்மலும் இருமலுமாக வெளியே வருவோம். எங்கள் வேட்டி, தலைமுடி, தின்கிற சோறு எல்லாவற்றிலும் அந்த வாடை இருக்கும். "இந்த வாடையோட என் பக்கத்துல வந்து நிக்காதீக" என்று பேச்சியம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எங்களுக்குக் கந்தக வாடை என்றால் ஒரே அர்த்தம்தான்: பக்கத்தில் எவனோ ஏலக்காய் வெளுக்கிறான்.

"மச்சான்... மோந்து பாரு."

அவன் மோந்தான். முகம் வெளுத்தது. "மாப்ளே, ராசிங்காபுரத்துக்காரன் நமக்கு முன்னால வந்துட்டான்!"

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை. நடேசனுக்கு வேறு எவனோ சரக்கு தயார்செய்கிறான், அதுவும் சும்மா இல்லை, மலை பூராவும் வாடை அடிக்கிற அளவுக்குச் செய்கிறான்! பேச்சியம்மா என் கையை விட்டுப் போகிறது கண்ணுக்குத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினோம். லூயி ஆறுமுகம் "முசே! முசே!" என்று கத்தக் கத்த, அந்தக் கரிக்காட்டில் ஏறினோம்.

"எவன்டா அது? வெளிய வாடா!" என்று மச்சான் ஒவ்வொரு விரிசலிலும் குனிந்து கத்தினான்.

"போடிக்காரனா? கூடலூரானா? பேரச் சொல்லு!" என்று நான் கத்தினேன்.

மலை ஒருமுறை புஸ்ஸென்று ஆவி விட்டது. மச்சான் அதையும் பதில் என்று எடுத்துக்கொண்டு, "திமிரப் பாரு மாப்ளே" என்றான்.

கடைசியில் ஒரு பிளவின் உதட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பொரிந்திருந்ததைக் கண்டேன். நகத்தால் சுரண்டி மோந்தேன். சுத்தக் கந்தகம். அறை இல்லை, தட்டு இல்லை, சட்டி இல்லை, ஒரு காய்கூட இல்லை. மலையே தானாகப் புகை மூட்டிக்கொண்டிருக்கிறது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சிரித்தோம் பாருங்கள், அந்தக் கரிக்கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, மூச்சு முட்ட. எழுந்தபோது மச்சான் வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். மழையில் நனைந்து பிழிந்தால் சொட்டுகிற வேட்டி, உட்கார்ந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.

அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. விதை விழுந்தது, முளைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால் வெந்த இடம்

மறுநாள் கொடியேற்றம். திரும்பும் வழியில், உச்சி வெயிலில், லூயி ஆறுமுகம் கழுதைக்குத் தண்ணீர் காட்ட ஒரு கடற்கரையோரம் வண்டியை நிறுத்தினார். வரும்போது படுதாவுக்குள் கிடந்ததால் நாங்கள் பார்க்காமல் விட்ட கடற்கரை அது.

மணல் கறுப்பு. கரித்தூள் கறுப்பு. நெருப்பு மலையிலிருந்து வந்த கல்லைக் கடல் நெடுங்காலமாக அரைத்து அரைத்து இப்படிக் கொட்டி வைத்திருக்கிறது. வெள்ளை நுரை அந்தக் கறுப்பின்மேல் ஏறி இறங்குவதைப் பார்த்தால், சிலேட்டில் யாரோ எழுதி எழுதி அழிப்பது போல இருந்தது. நான் பள்ளிக்கூடத்தோடு கோபித்துக்கொண்டு வந்தவன்; சிலேட்டைக் கண்டால் சும்மா இருப்பேனா? செருப்பில்லாத காலோடு குதித்து இறங்கி ஓடினேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். இடது உள்ளங்கால் அப்பளமாய்ப் பொரிந்தது. காலைக் கையில் பிடித்துக்கொண்டு குதிக்க ஆரம்பித்தேன்.

"என்ன மாப்ளே, சாமி வந்துருச்சா?"

எங்கள் கிட்டங்கியில் காய் உலர்த்தும் அறையின் தரைச் சூட்டைக் காலால்தான் பார்ப்போம். உள்ளங்கால் பொறுத்தால் சூடு போதாது. பொறுக்காமல் தூக்கினால் சரியான சூடு. என் கால் தூக்கியது மட்டுமில்லை, கீழே வர மறுத்தது. குதித்துக்கொண்டே எனக்குப் புரிந்துபோயிற்று. மச்சானின் வேட்டி, கரிக்கல், வெள்ளை மணல், கறுப்பு மணல் எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன.

"மச்சான்! மூட்டையக் கொண்டா! படுதாவக் கழத்து! வெரசா, வெரசா!"

"கால் என்னாச்சுடா?"

"காலு கெடக்கு! காயக் கொண்டா!"

தார்ப் படுதாவை மணல்மேல் விரித்து, காயை விரல் கனத்துக்குப் பரப்பினோம். சாக்குகளையும் விரித்தோம். மேலே வெயில், கீழே அடுப்பு. கொஞ்ச நேரத்தில் காயிலிருந்து ஆவி எழும்பியது கண்ணுக்கே தெரிந்தது. கடற்கரை முழுக்க ஏல வாசனை. வலைகளைக் காயப்போட்டிருந்த செம்படவப் பெண்கள் மூக்கைப் பின்தொடர்ந்து வந்தார்கள். பாஷை தெரியாது. நான் கையால் துழாவிக் காட்டினேன். அவர்களும் சிரித்துக்கொண்டே துழாவ ஆரம்பித்தார்கள். ஒருத்தி பாட்டை எடுத்தாள். மச்சான் தாளம் போட்டான். நான் இடது காலுக்கு ஈரத்துணி சுற்றி, ஒரே காலில் குதித்துக் குதித்துக் காயைப் புரட்டினேன். அதை அவர்கள் ஆட்டம் என்று நினைத்து, கூடவே ஒற்றைக் காலில் ஆடினார்கள்!

ஐயா, நான் கல்யாணங்களில் ஆடியிருக்கிறேன், திருவிழாவில் ஆடியிருக்கிறேன். அன்றைக்கு ஆடியது போல் என்றைக்கும் ஆடியதில்லை.

பொழுது சாயும் நேரம் ஒரு பிடி எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். மூச்சை அடக்கினேன். குலுக்கினேன்.

கலகல.

மச்சானின் காதில் குலுக்கினேன். அவன் வாய் பிளந்தான். லூயி ஆறுமுகத்தின் காதில் குலுக்கினேன். கழுதையின் காதிலும் குலுக்கினேன்.

கடல் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு பெரிய அலை கிளம்பி, மற்ற அலைகள் நின்ற கோட்டைத் தாண்டி வந்தது. எங்கள் ஊர் ஆற்றுக்கு ஒரு மரியாதை உண்டு, போனது போனதுதான். திரும்பி மேலே ஏறி வராது. இப்படியும் தண்ணீர் செய்யும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

"மாப்ளே, தண்ணி பின்னாடி வருதுடா!"

பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் படுதாவை இழுத்தார்கள். நானும் இழுத்தேன். கடைசிச் சாக்கு மட்டும் அலைக்கு நேராகக் கிடந்தது. அட்டைக்குப் பயந்து கடலைத் தொடாதவன், என் மச்சான், அந்தச் சாக்கின்மேல் போய் விழுந்தான். அலை அவன்மேல் ஏறி இறங்கியது. சாக்கும் போயிற்று, அவன் வேட்டியும் போயிற்று. அவன் மட்டும் கறுப்பு மணல் பூசி எழுந்து, செம்படவப் பெண்களைப் பார்த்ததும் மறுபடி மணலிலேயே படுத்துக்கொண்டான்.

ஒரு மூட்டைக் காயைக் கடல் கட்டணமாக வாங்கிக்கொண்டது. ஐந்து மிஞ்சியது.

விதை பேசியது

கொடியேற்றம் முடிந்து, மேளம் ஓய்ந்ததும், நடேசன் முதல் மூட்டையை அவிழ்த்தார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் பயபக்தி என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு பிடி அள்ளினார். கண்ணை மூடினார். காதருகே குலுக்கினார்.

அவர் கண்ணைத் திறப்பதற்குள் நான் தை மாதத்துக்குப் போய்விட்டு வந்தேன். பரிசத் தட்டு, பேச்சியம்மா, மாமன், எல்லாரையும் பார்த்தேன். அத்தையின் முகத்தையும் பார்த்து, பயந்து திரும்பி வந்தேன்.

"பேசுகிறது," என்றார் நடேசன். பிறகு, "ஆறு மூட்டை அல்லவா?" என்றார்.

மச்சான் முந்திக்கொண்டான். "ஒரு மூட்டைய ஒங்க கடலம்மாவுக்குக் காணிக்கையா விட்டோம் முசே."

நடேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மச்சானுக்கு அந்தத் திறமை உண்டு. மறுக்க மாட்டேன்.

மண் கொண்டுவந்த மாப்பிள்ளை

பூர்போனிலிருந்து திரும்புகிறவர்கள் சீமைத் துணியும் அத்தரும் கொண்டுவருவார்கள். நான் ஒரு சாக்குக் கறுப்பு மணல் கொண்டுவந்தேன். போடியில் இறக்கியதும் அத்தை எட்டிப் பார்த்தாள்.

"காயக் கொண்டுபோயி மண்ணக் கொண்டாந்திருக்கான். இவனுக்கா எம் பொண்ணு?"

மாமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தையில் பரிசம், அப்புறம் கல்யாணம். பந்தியில் இலை எடுத்தது ராசிங்காபுரத்துக்காரர் இல்லை. அவர் நல்ல மனிதர், வந்து மொய் வைத்துவிட்டு மூன்று தரம் பாயசம் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மணலை வைத்துக்கொண்டு ஒரு களத்தையே மூட முடியுமா? முடியாது. யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கரியும் ஊமத்தை இலையும் அரைத்துப் பூசுவார்களே! மூன்றாம் வகுப்பில் நான் கற்ற ஒரே பாடம் அதுதான், தண்டனையாக அரைக்க வைத்ததால். குரங்கணிச் சரிவில் கல் பாவி, சுண்ணாம்பு அடித்து, மேலே கரியும் ஊமத்தையும் குழைத்துப் பூசினேன். ஊரே வந்து பார்த்துவிட்டு, "எழவு வீட்டுக் களம்" என்று பெயர் வைத்தது. முதல் வெயிலில் பக்கத்துக் களங்களில் காய் இன்னும் ஊமையாகக் கிடக்க, என் களத்தில் விதை பேசிற்று. அடுத்த வருஷம் சரிவு பூராவும் கறுப்பு.

கல்லில் என்ன எழுத வேண்டும்

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் பழைய களத்தைப் புதுப்பித்து, ஓரத்தில் ஊரார் ஒரு கல் நடப்போகிறார்கள். நல்ல காரியம். கல்லில் வெட்டப்போவது என்ன தெரியுமா? "கறுப்புக் களம் கண்டவர்" என்று என் மாமன் பெயரும், கீழே, "கடலில் குதித்துக் காய் மீட்டவர்" என்று கருத்தபாண்டி பெயரும்!

மாமன் பெரிய மனிதர். ஆனால் அவர் தூத்துக்குடியைத் தாண்டவில்லை. மச்சான் குதித்தது உண்மை. ஆனால் அவன் குதித்த சாக்குத்தான் போயிற்று, மீட்டது எதை? வேட்டியைக்கூட மீட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனிடமே கேட்டேன். பல் போன வாயோடு சிரிக்கிறான். "விடு மாப்ளே, ஒனக்குத்தான் பேச்சி கெடச்சாளே. எனக்குக் கல்லாவது கெடைக்கட்டும்."

பேச்சியம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் பேசுறதப் பாரு. நான் மட்டும் ராசிங்காபுரத்துக்குச் சரின்னு தலைய ஆட்டியிருந்தா இவுக எதுக்குக் கப்பல் ஏறப்போறாக? எம் பேரு எங்க?"

நியாயமான கேள்வி. கதவுக்குப் பின்னால் கேட்ட அந்த வளையல் சத்தத்துக்கு எனக்கு இப்போதுதான் அர்த்தம் கிடைத்தது.

ஆகவே கல் நடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாமன் பெயர் இருக்கட்டும். மச்சான் பெயரும் இருந்துவிட்டுப் போகட்டும். என் பெயரை எழுத இடம் இல்லை என்று சொல்வீர்கள், எனக்குத் தெரியும். பெயரே வேண்டாம். நடுவில் ஒரு பாதத்தைச் செதுக்குங்கள். அந்தப் பாதம் சூட்டை அறிந்ததால்தான் இந்தச் சரிவு முழுக்கக் கறுத்தது. அதைச் சுற்றி ஒரு வளையலையும் செதுக்குங்கள், அது பேச்சியம்மாவுக்கு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சிற்பியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: இடது பாதம். வலது பாதத்தைச் செதுக்கிவிட்டு, அப்புறம் அது கருத்தபாண்டியுடையது என்று சொன்னால், நானே உளியோடு வருவேன்.